பள்ளத்துத் தெருவுக்கு விலை வைத்தவர்

காப்பீட்டு அலுவலகங்களில் விலை வைப்பவர் என்று ஓர் இனம் உண்டு. வானம் இருட்டினால் மற்றவர்கள் குடையைத் தேடுவார்கள்; இவர்கள் பேனாவைத் தேடுவார்கள்.

நம்மவர் அதில் தேர்ந்த ஆள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கும்போதே அவருடைய தொப்பையையும் மூச்சிரைப்பையும் எடைபோட்டு, மனதுக்குள் ஒரு பிரீமியம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாழ்த்துவார். மழை முன்போல இல்லை, விலைவாசி முன்போல இல்லை என்று யாராவது சொன்னால், பத்து வருஷச் சராசரி அப்படிச் சொல்லவில்லையே என்பார். சராசரி சொல்லாத மழையில் நனைவதையே கௌரவக் குறைவாக நினைத்தார்.

அந்த மழையும் வந்தது. பள்ளத்துக் கடைத்தெருவில் இடுப்பளவு தண்ணீர். அன்றே சராசரியைக் கைகழுவிவிட்டு, அந்தத் தெருவுக்கு விலையை இரட்டிப்பாக்கினார். தெருவின் மேட்டுப் பக்கத்துக் கடைக்காரர்கள், தண்ணீர் எட்டாத தங்களுக்கு இது எதற்கு என்று விலகிக்கொண்டார்கள். மிஞ்சியவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் நஷ்டம் பெரிதாகத் தெரியாதா? தெரிந்தது. மறுபடி ஏற்றினார். மறுபடி சிலர் விலகினார்கள். தம் கணிப்பு பலித்துவிட்டதாக மேலாளரிடம் நல்ல பெயரும் வாங்கினார்.

கடைசியில் தெருவில் காப்பீடு வைத்திருந்தது ஒரே ஒரு தையல் கடை. அவருடைய அக்காவின் கடை. கணவர் படுத்த படுக்கை. குடும்பமே அந்தத் தையல் மெஷின்களை நம்பித்தான் ஓடியது. புது விலையைக் கேட்ட அக்கா நேரே தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“ஏண்டா, தெருவுல நான் ஒருத்திதான் மிச்சம். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இனிமே அதை யார்கூடடா பங்கு போடுவே?”

நாலு பேர் சேர்ந்து சுமப்பதுதான் காப்பீடு. அந்த நாலு பேரையும் கழற்றிவிட்டவர் நம்மவரேதான். உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஆனாலும் விலை விலைதானே?

“நீயும் விட்டுடுக்கா. மெஷினெல்லாம் மாடியில ஏத்தி வச்சுக்கோ.”

கடைக்கு மாடி கிடையாது. கூடப்பிறந்தவருக்கு அது தெரியாமலும் இல்லை.

அக்கா விட்டுவிட்டாள். அடுத்த மழையில் மெஷின்கள் மூழ்கின. அந்த வருஷ அறிக்கையில், பள்ளத்துத் தெருவில் நிறுவனத்துக்கு நஷ்டமே இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். பாராட்டினார்கள்.

என்ன மனுஷன் என்கிறீர்களா? உங்கள் வீட்டில் முன்பு குடியிருந்தவர் குழாயை உடைத்துவிட்டார் என்று, அடுத்து வீடு கேட்டு வந்தவரிடம் முன்பணத்தை இரட்டிப்பாகக் கேட்டீர்களே. அவர் வராததால் அதற்கடுத்து வந்தவரிடம் இன்னும் கொஞ்சம் கூட்டினீர்களே. இப்போது பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டில் குழாய்கள் எல்லாம் பத்திரமாகத்தானே இருக்கின்றன?