ஏர்டைட் மாமா

உலகத்தில் எல்லோரும் காற்று வாங்கக் கடற்கரைக்குப் போகிறார்கள். கடற்கரைப் பக்கத்திலேயே வீடு கட்டி, காற்றுக்கு 'உள்ளே வராதே' என்று உத்தரவு போட்ட ஒரே மனிதர் எங்கள் ஏர்டைட் மாமாதான்.

கடலூர் முதுநகரில் படகு எஞ்சினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவர். எங்கள் பக்கத்து மனையில் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட சமயம், சிதம்பரத்தில் ஒரு ஓட்டலில் பசுமைக் கட்டடக் கருத்தரங்கு நடக்கிறது, மதியச் சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டுப் போனார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஞானத்தோடு திரும்பிவிட்டார்.

"மாப்ள, ஏசி குளிரு துளிகூட வெளிய போவக்கூடாது. அப்பதான் கரண்டு மிச்சம். வீடு டப்பா கணக்கா ஏர்டைட்டா இருக்கணும்" என்றார்.

"கடக்காத்து சும்மாதான மாமா வருது?" என்றேன்.

"அதான் தப்பு. அதுக்கு எஃபிஷியன்சி கெடையாது."

வீடு எழும்பியது. ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, இடுக்குக்கெல்லாம் ரப்பர், மாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்ட். விளக்குகளோ ஆள் அசைந்தால்தான் எரியும். கிரகப்பிரவேசத்துக்கு வந்த சம்பந்தி, கழிவறையில் உட்கார்ந்தபடி இரண்டு கையையும் வீசிக்கொண்டே இருந்தாராம். பாவம், அவருக்குத் தோள்பட்டை வலி வேறு.

வாசலில் மீன்காரம்மா தொண்டை கிழியக் கத்தினாலும் உள்ளே அத்தைக்குக் கேட்காது. அதையும் மாமா வசதிக் கணக்கில்தான் சேர்த்தார்.

பிறகு காடாம்புலியூர் சொந்தக்காரர் ஒருவர் பலாப்பழம் கொண்டுவந்தார். பழம் அன்றே தீர்ந்தது. வாசனை அடுத்த பௌர்ணமி வரைக்கும் வீட்டைக் காலி செய்யவில்லை. மாமா ஆடிப்போய்விட்டார். பசுமைக் கட்டடச் சான்றிதழுக்காகச் சென்னையிலிருந்து அதிகாரி வந்து வீட்டைச் சோதிக்கப்போகிற நேரம் அது. பாஸானால் வாசலில் மாட்ட நட்சத்திரம் போட்ட பலகை கிடைக்கும். அந்தப் பலகைக்காக மனிதர் தூக்கத்தில்கூடப் புலம்பிக்கொண்டிருந்தார். உடனே தடை போட்டார்: பலா, சாம்பிராணி, கருவாடு எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது.

முதல் இரண்டையும் அத்தை விட்டுக்கொடுத்தார். கருவாடு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. கொஞ்ச நாள் எங்கள் அடுப்பில் நெத்திலிக் கருவாடு வறுத்து, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

"பொட்டில வச்சிப் பூட்டுனாப்ல இருக்குப்பா. எங்கம்மா ஊட்டுக்கே போயிடலாம்னு பாக்குறேன்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். சண்டை முற்றிவிட்டது என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம்.

சோதனை நாளன்று தெருவே கூடிவிட்டது. வாசலை அடைத்து ஒரு ராட்சசக் காற்றாடியை மாட்டி, வீட்டுக்குள் இருந்த காற்றை வெளியே இழுத்தார்கள். சுவரில் எங்காவது ஓட்டை இருந்தால் வெளிக்காற்று அது வழியாகப் பாய்ந்து காட்டிக்கொடுத்துவிடுமாம். மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அறை அறையாக அதிகாரியை அழைத்துப் போனார். சமையலறைக்கு வந்ததும் மட்டும் கொஞ்சம் பின்தங்கினார்.

அங்கே அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த காலண்டர் சுவரை விட்டு எழும்பி, படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதிகாரி அதைத் தூக்கினார். பின்னால் ஒரு தேங்காய் நுழையும் அளவுக்கு ஓட்டை. எல்லோரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தோம்.

"அவளப் பாக்காதீங்க. நான்தான் போட்டேன்" என்றார் மாமா.

"நீங்களா? ஏன் சார்?"

"கருவாடு இல்லாம ரெண்டு வாயில எழுந்துடுறா சார். எவ்ளோ நாளைக்கு அதப் பாத்துக்கினு இருக்கறது?"

அதிகாரி நல்ல மனிதர். "இத மட்டும் அடைச்சிட்டுக் கூப்பிடுங்க. மறுபடி வந்து பாக்குறேன், போர்டு கெடைச்சிடும்" என்றார்.

மாமா ஓட்டையைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். "வேணாம் சார். நீங்க சாப்ட்டுட்டுப் போங்க" என்றார்.

அந்த மனிதரை நான் கேலி செய்யாத நாளே கிடையாது. ஆனால் அன்று மத்தியானம் அந்த ஓட்டை வழியாகக் கருவாட்டு வாசனை எங்கள் கூடம் வரைக்கும் வந்தபோது, பக்கத்து வீட்டில் இப்படி ஒருவர் வாய்த்ததை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.