அவெலாவியில் காய்ச்சல் இல்லை

எங்கள் அவெலாவி ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடம் திறக்க விரும்பிய செஃபாகோர், முறைப்படி மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். எதற்கெடுத்தாலும் தரவு கேட்கும் காலம் அப்போதுதான் பிறந்திருந்தது. அலுவலர் டோட்ஸே மனுவைத் தொடவே இல்லை.

"சந்தை ஆய்வு எங்கேம்மா?"

"ஊர்ல பாதிப்பேருக்கு மலேரியா சார். இதுல ஆய்வு எதுக்கு?"

"அது வாய்ப்பேச்சு. பல்கலைக்கழக நூலகத்துல தரவுத்தளம் இருக்கு. அதுல வந்தாத்தான் நோய்."

ட்ரோட்ரோ வண்டியில் மூன்று மணி நேரம் நசுங்கி ஹோ நகரத்துக்குப் போனாள். நூலகர் அஹியாபோர் தங்கமான மனிதர். அந்தத் தரவுத்தளத்தைக் கேட்டு அதுவரை யாரும் வந்ததில்லை என்பதால், சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு கணினி முன் அமர்ந்தார்.

"அக்கா, சுவிட்சர்லாந்துல காது மெஷின் விற்பனை இருக்கு. ரொம்ப விவரமா இருக்கு. வேணுமா?"

"அவெலாவி."

"அவெலாவி... உறுதி செய்யப்பட்ட மலேரியா, பூஜ்ஜியம்." அவர் முகம் மலர்ந்தது. "கொடுத்துவெச்ச ஊரு."

"அங்க சோதிச்சுப் பார்க்க ஆளே இல்லைங்க. அப்புறம் எப்படி உறுதியாகும்?"

"நியாயம்தான். ஆனா நியாயத்தைத் தட்டித் தேட இதுல வழியில்லையே."

செஃபாகோர் ஊர் திரும்பி, மருந்துக்கடை வாசலில் இரண்டு வாரம் முக்காலி போட்டு உட்கார்ந்து, காய்ச்சல் மாத்திரை வாங்கியவர்களை நோட்டில் எழுதினாள். நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

டோட்ஸே நோட்டைப் புரட்டினார். "கையெழுத்து அழகா இருக்கு. தரவுத்தளத்துல இருக்கா?"

நோட்டு ஹோவுக்குப் போனது. அஹியாபோர் அதை ஸ்கேன் செய்து நூலகத்தின் ஆய்வுத் தொகுப்பில் ஏற்றினார். தரவுத்தளம் அதைக் கண்டெடுத்து விழுங்க ஏழு மாதமாயிற்று. அந்த ஏழு மாதத்தில் தையல்காரர் க்லுவின் கடைசி மகளை, எந்தக் காய்ச்சல் என்று தெரியாமலேயே புதைத்தோம்.

நோட்டு, வண்ணப் படங்களுடன் அறிக்கையாக அச்சாகி வந்தபோது டோட்ஸே எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

"இதைத்தானேம்மா நான் முதல்லயே கேட்டேன்."

கூடம் திறந்தது. மூன்று மாதத்தில் அறுநூற்று முப்பது பேருக்கு மலேரியா உறுதியாயிற்று. செஃபாகோர் கணக்கை ஒழுங்காக அனுப்பினாள். தலைநகரிலிருந்து பதில் வந்தது.

'தங்கள் கூடம் திறக்கும்வரை மேற்படி ஊரில் மலேரியா அறவே இல்லையென்று பதிவேடுகள் தெரிவிப்பதால், இந்நோயைத் தாங்கள் எவ்விதம் கொண்டுவந்தீர்கள் என்பதற்குப் பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தரவும்.'

எங்களுக்குக் கோபம் பொங்கியது. அவளுக்காக ஊர்க்கூட்டம் கூட்டிக் கடிதத்தை உரக்கப் படிக்கச் சொன்னோம். இரண்டாம் முறை படித்து முடித்ததும் மீன்காரி அஃபி மெல்லச் சொன்னாள்:

"யோசிச்சுப் பாருங்க. இவ கடை போடற வரைக்கும் நமக்கு வெறும் உடம்புச் சூடுதானே வந்துச்சு?"

கூட்டம் தலையாட்டியது. எனக்கும் அன்று குளிரும் நடுக்கமுமாக இருந்தது. கூடத்து வாசலில் கால் வைக்காமல், நேராக வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.