மூன்றாவது கோட்டில் நின்ற ஆடு

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள், சான்ட்ரிங்ஹாமில் சபாரத்தினம் அண்ணை வீட்டில், இருபது பேர் முன்னிலையில் நான் ஒரு சபதம் எடுத்தேன். ஒக்ரோபரில் வரும் அண்ணையின் அறுபதாவது பிறந்தநாளுக்குக் கடை இறைச்சி கிடையாது. நானே மலைக்குப் போய், முந்நூறு மீற்றர் தூரத்தில் நிற்கும் காட்டு ஆட்டை ஒரே வெடியில் விழுத்திக் கொண்டுவருவேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. "பிறந்தநாளுக்கு வாற அறுபது பேருக்கும் யோகராணி கறி காய்ச்சுவா" என்று சேர்த்துச் சொல்லிவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். என் மனைவி மட்டும் கையில் இருந்த கட்லெட்டைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

காரில் அவள் என்னை ஏசவே இல்லை. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் யோகராணி ஏசினால் நான் பயப்படுவதில்லை. ஏசாமல் இருந்தால்தான் பயம்.

இத்தனைக்கும் நான் விரி என்ற இடத்தில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். சுடுகிற துவக்கைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கூட வேலை செய்யும் மகேசன்தான் என்னைக் கெடுத்தான். அவன் வேட்டைக்காரன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தன் துவக்கின் தொலைநோக்கியைக் கழற்றிக் கொண்டுவந்து என் கண்ணில் வைத்தான். அன்றைக்கு விழுந்தவன் நான், இன்னும் எழும்பவில்லை.

குண்டு நேரே போகும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். போகாதாம். நூறு மீற்றரில் குறியில் படுகிற குண்டு, முந்நூறில் ஒரு முழங்கை அளவு தாழ்ந்துவிடுமாம். அதற்காகத்தான் அந்தக் குழாய்க்குள், நடுவில் இருக்கும் சிலுவைக்குக் கீழே, ஏணிப்படி மாதிரிச் சின்னச் சின்னக் கோடுகள். முந்நூறு மீற்றர் என்றால் மூன்றாவது கோட்டை ஆட்டின் மேல் வைக்க வேண்டும். துவக்கு அந்த அளவுக்கு மேலே தூக்கிக்கொள்ளும். குண்டு விழ வேண்டியதை விழுந்து, ஆட்டில் போய் முடியும். என்ன மூளை, என்ன கணக்கு. அதைச் செய்தவனுக்குக் கோயில் கட்டலாம்.

அடுத்த கிழமையே அதே மாதிரி ஒன்றை வாங்கி, உடுப்பு அலுமாரியில் என் வேட்டிகளுக்கு நடுவே ஒளித்து வைத்தேன். ஞாயிறு காலை நான் எழும்பி வர, யோகராணி தேத்தண்ணியோடு மேசையில் இருந்து, அதன் பெட்டிக்குள் வந்த புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தாள்.

அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். தலையிடிக்கு ஒரு குளிசை போடுவதற்கும் அதோடு வந்த தாளை இரண்டு பக்கமும் வாசித்த பிறகுதான் தண்ணீர் எடுப்பாள். சோறு காய்ச்சும் மெஷினுக்கு வந்த புத்தகத்தைக்கூட அவள் பத்திரமாக வைத்திருக்கிறாள். நான் அந்தச் சாதி இல்லை.

"நீங்கள் இதை வாசிச்சனீங்களோ?" என்று கேட்டாள்.

"உதை ஆர் வாசிக்கிறது? சுடுறவனுக்குக் கண்ணும் கையும் காணும்."

"ஓம், ஓம்," என்றாள். பென்சில் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வாசிப்பைத் தொடர்ந்தாள்.

துவக்கு வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். வகுப்புக்குப் போனேன், சோதனையில் சித்தியடைந்தேன். அதற்குப் பிறகுதான் மகேசன் சாவகாசமாக ஒரு விஷயம் சொன்னான். லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்து, மனைவியைத் தனியே கூப்பிட்டு, இந்த மனுசனின் கையில் துவக்கைக் கொடுக்கலாமா என்று கேட்பாராம்.

அன்று பின்னேரமே வக்யூம் பிடித்து வீடு கூட்டினேன். மறுநாள் பாத்திரம் கழுவினேன். தேங்காய் துருவினேன், புல் வெட்டினேன், அவளுடைய மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்தேன். ஏன் இதெல்லாம் என்று அவள் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. குளியலறைக் கண்ணாடியில் ஒரு மூலை விடுபட்டதை மட்டும் காட்டினாள். இப்படியே மூன்று மாதம் போனது.

அதிகாரி வந்தார். இருவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். ஒட்டுக் கேட்பதற்காக நான் கதவடியில் வக்யூம் பிடித்தேன். வக்யூம் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்தவர் என் தோளில் தட்டி, இப்படி ஒரு மனைவி கிடைத்த நீர் அதிர்ஷ்டசாலி என்றார். ஒகஸ்ட் மாதம் லைசென்ஸ் வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவளைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தேன் என்று வெட்கப்பட்டேன்.

துவக்கும் வாங்கி, இரண்டு தரம் மகேசனோடு போய்ச் சுட்டுப் பழகினேன். முந்நூறு மீற்றரில் மூன்றாவது கோட்டை வைத்து ஐந்து வெடி. ஐந்தும் பலகையில். மகேசனே வாயைப் பிளந்தான்.

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை விடியவே, மகேசனுக்குத் தெரிந்த பண்ணைக்குப் புறப்பட்டோம். தானும் வருவதாக யோகராணி சொன்னபோது நான் பூரித்துப் போனேன். மகேசன் பண்ணைக்காரரோடு தேத்தண்ணிக்கு உட்கார்ந்துவிட, நாங்கள் இருவரும் மேட்டில் ஏறினோம். எதிர்ச் சரிவில் நாலு ஆடுகள். தூரம் அளக்கும் கருவியில் பார்த்தேன், சரியாக முந்நூறு. நான் படுத்துத் துவக்கை அணைத்தேன்.

"இஞ்சாருங்கோ, எனக்கும் ஒருக்கால் பார்க்கத் தாங்கோவன்."

இன்னும் குண்டு போடாத துவக்கை அவள் பக்கம் நகர்த்தினேன். குழாயைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் பார்த்தாள். "வடிவாத் தெரியுது" என்று திருப்பித் தந்தாள்.

நான் பார்த்தபோது ஆடு கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. மலை ஆடுதானே, மெலிந்திருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது கோட்டை அதன் தோளில் வைத்தேன். மூச்சை அடக்கினேன். சுட்டேன்.

ஆட்டின் முதுகுக்கு மேலே ஒரு முழம் தள்ளி மண் பறந்தது. ஆடு திரும்பி என்னைப் பார்த்தது. இரண்டாவது வெடியும் அதே இடம். மூன்றாவது வெடிக்கு அங்கே ஆடே இல்லை.

வருகிற வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. நாளைக்கு அறுபது பேர் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது? யோகராணி ஃபிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். ஒரு சொல் குத்திக் காட்டவில்லை.

ஞாயிறு மத்தியானம் மண்டபத்தில் சபாரத்தினம் அண்ணை நேரே என்னிடம் வந்தார். நான் தொண்டையைச் செரும, யோகராணி முந்திக்கொண்டாள்.

"குட்டியோட நிண்ட ஆடு அண்ணை. இவருக்குச் சுட மனம் வரேல்லை."

மண்டபமே என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. மூர்த்தி அண்ணைக்கு என்ன இளகின மனம் என்று பெண்கள் என்னைப் பற்றிக் கதைத்தார்கள். அவளை அந்த இடத்திலேயே தூக்கிச் சுற்றவேண்டும் போல இருந்தது. அப்போதுதான் சாப்பாட்டுக் கடைக்காரர் கோதண்டராமன் பெரிய தட்டுகளோடு உள்ளே வந்தார். ஆட்டுக்கறி, அறுபது பேருக்கு. இவ்வளவு அவசரத்தில் எப்படி முடிந்தது என்று கேட்டேன்.

"அவசரம் ஒண்ணும் இல்லீங்க. அக்கா புதன்கிழமையே சொல்லிட்டாங்க," என்றார் அவர்.

நான் வேட்டைக்குப் போனது சனிக்கிழமை.

வீட்டுக்கு வந்ததும் வேட்டிகளுக்கு நடுவே கையை விட்டு அந்தப் புத்தகத்தை எடுத்தேன். பதினோராம் பக்கம் மடிக்கப்பட்டிருந்தது. ஒரு வரிக்குக் கீழே பென்சில் கோடு. குழாயின் வளையத்தைத் திருப்பி உருவத்தை முழுதாகப் பெரிதாக்கி வைத்தால் மட்டுமே கோடுகளின் கணக்குச் சரி. பாதிக்குக் குறைத்தால் அதே கோடு துவக்கை இரண்டு மடங்கு மேலே தூக்கும்.

"நீர்தானே அந்த வளையத்தைத் திருப்பினது?"

"ஓம். என்னைக் கேட்காமல் அறுபது பேருக்கு நான் கறி காய்ச்சுவன் எண்டு சொல்லிவிட்டீங்கள்தானே," என்றாள். "ஆடும் தப்பிச்சுது, நானும் தப்பினன். உங்கட மரியாதையும் தப்பிச்சுது."

ஒரு துரும்பைக்கூடக் கிள்ளாமல், முந்நூறு மீற்றரில் நின்ற ஆட்டையும் பக்கத்தில் படுத்திருந்த மனுசனையும் ஒரே திருப்பில் வென்றவளை என்ன சொல்லி ஏசுவது? உள்ளுக்குள் எனக்கு அவள்மேல் பெருமைதான். ஆனாலும் ஆண்பிள்ளை அல்லவா. லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது, இனி வக்யூமும் தேங்காயும் உம்முடைய பாடு என்று அறிவித்துவிட்டு சோபாவில் சாய்ந்தேன்.

"லைசென்ஸோட வந்த கடிதத்தையும் நீங்கள் வாசிக்கேல்லையே," என்றாள் அவள் நிதானமாக. "முதல் லைசென்ஸ் அஞ்சு வருசத்துக்குத்தான். பிறகும் என்னட்டத்தான் வந்து கேப்பினம்."

வக்யூமின் வயரைச் செருகிவிட்டு எண்ணிப் பார்த்தேன், இன்னும் நாலு வருஷமும் பத்து மாதமும் இருக்கிறது.