இரவல் மூச்சு

தெருவே ‘சிக்னல்’ என்று கூப்பிடும் அந்தப் போக்குவரத்துக் காவலர், டாக்டரின் கண்ணிலேயே மண்ணைத் தூவுவது என்று அன்று காலை முடிவு கட்டினார்.

நாற்சந்தியில் அவர் கையைத் தூக்கினால் பஸ்ஸே நின்றுவிடும். வீட்டில் தூக்கினால் மின்விசிறிகூட நிற்காது. அதனால் அந்த வேலை என்றால் அவருக்கு உயிர். அந்த வேலைக்கும் அவர் உயிரின் மேல் ஒரு கண். வருஷக்கணக்கில் பஸ் புகையைக் குடித்ததில், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் ஐந்தாவது இருமலாக வந்தது.

இலாகா டாக்டர் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்தனுப்பியிருந்தார். ஒரே மூச்சில் ஊத வேண்டும். அதிலிருக்கும் முள் பச்சையில் நின்றால் நுரையீரல் தேவலை. மஞ்சள் என்றால் சந்தேகம். சிவப்பு என்றால் ஆபத்து. முள் நின்ற இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். பச்சை இல்லையென்றால் ரோட்டு வேலை போச்சு, ஸ்டேஷனில் நாற்காலிதான்.

கதவைச் சாத்திக்கொண்டு ஊதிப் பார்த்தார். மஞ்சள்.

“இந்தா, நீ ஊது,” என்று மனைவியிடம் நீட்டினார்.

“உங்க நுரையீரலுக்கு நான் எதுக்குங்க ஊதணும்?”

“நீ வீட்டுக்குள்ளேயே இருக்கிறவ. என்னைத் திட்டுறப்போ எவ்வளவு மூச்சு வருது! பச்சை என்ன, குழாயே பிய்ச்சுக்கும்.”

ஊதினாள். முள் கொஞ்சம் நகர்ந்து சிவப்பிலேயே படுத்துக்கொண்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவர் போனிலேயே போட்டோ எடுத்தாள்; டாக்டருக்கு அனுப்பியும்விட்டாள்.

“அடிப்பாவி! வேணும்னே மெதுவா ஊதினியா?”

“ஆமா. இனிமே நாற்காலியில உட்காருங்க. உங்களுக்கு மூச்சு வருதா வருதான்னு ராத்திரி பூரா கேட்டுக்கிட்டுக் கிடக்க என்னால முடியாது.”

சிக்னலுக்குக் கோபம் வந்தது. பின்னாலேயே ஒரு நிம்மதியும் வந்தது.

“கெட்டிக்காரிதான். எங்கே, இப்ப நிஜமா ஊது பாப்போம்.”

“எனக்கு வேலை கிடக்கு.”

“ஊதுடி.”

கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் வர ஊதினாள். அதே சிவப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவர் அவள் பக்கத்தில் குந்தினார். “வீட்டுக்குள்ளேயே இருக்கிற உனக்கு எப்படிடி?”

“நம்ம மாடி ஜன்னல்லேருந்து பார்த்தா நீங்க நாற்சந்தியில நிக்கிறது தெரியும். புகை வருதேன்னு சாத்தினா தெரியலை.”

அவர் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். “எழுந்திரு, டாக்டர்கிட்ட போகலாம்.”

“நீங்கதான் போகணும்,” என்றாள் அவள், மூச்சு வாங்க. “சிவப்பு உங்க பேர்லதானே போயிருக்கு.”