மலையாண்டி லென்ஸ் தேர்ந்த படலம்

முக்காலி சுமந்து தழும்பேறிய தோளும், ஒற்றைக் கண் சுருக்கி உலகளக்கும் நோக்கும், படம் கழுவும் ஹைப்போ மணம் கமழும் விரல்களும் உடையோனே, காரைக்குடி மாநகரின் நிழற்பட வேந்தனே, மலையாண்டியே, வாழி! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் ஆண்டு மாசி மாலையொன்றில் உன் கொற்றத்துக்கு நேர்ந்த சோதனையைச் சொல்லப் புகுகிறோம். ஃபிலிம் சுருளைக் காக்கும் தெய்வங்கள் எம் நாவையும் காக்க!

அன்று பொழுது சாய்ந்ததும் கண்டனூர்ப் படைக்கும் நாட்டரசன்கோட்டைப் படைக்கும் சடுகுடு இறுதிப் போர். கண்டனூரின் மதக்களிறு முத்துவீரனோ, மலையாண்டியின் மனைவி நாச்சியாருக்கு உடன்பிறந்த தம்பி. முன்னொருகால் நம் வேந்தன் விரித்த முக்காலியில் கால் தடுக்கி நடுவர் குப்புற வீழ்ந்தமையால், கேமராவுடையோர் தொலைவிலுள்ள புளியமரத்தடியில்தான் நிற்கலாம் என்பது களத்துச் சட்டம். அங்கிருந்து சென்ற ஆண்டு பிடித்த படத்தில் வீரரெல்லாம் எறும்பாயினர். ஆதலின் நாச்சியார் அடுக்களை அதிர முழங்கினாள்:

"இந்த வருசமும் எந்தம்பி மூஞ்சி தெரியலைன்னா, சோத்துக்கு வீட்டுப் பக்கம் வந்துராதீக!"

அஞ்சா நெஞ்சன் அஞ்சினான். சிங்கப்பூரிலிருந்து தன் கணவர் கொணர்ந்த தொலைநோக்கு லென்ஸ்கள் இரண்டும் ஒரே வெல்வெட்டுப் பெட்டியில் துயிலும் உமையாள் ஆச்சியின் மாளிகையை இரவல் வேண்டி அடைந்தான்.

"ஒண்ணை எடுத்துக்கப்பா. ஒண்ணு உள்ள இருக்கணும். வெறும் பொட்டியைப் பூட்டி வைக்க மாட்டோம்" என்று அருளினாள் ஆச்சி.

மூண்டது லென்ஸ்களுக்குள் பெரும்போர்! ஒருவன் முழநீளக் குழலோன். புளியமரத்துக்கும் களத்துக்கும் இடைப்பட்ட வெளியை ஒரே மூச்சில் விழுங்கி, முகத்தை மூக்கருகே கொணர்வோன். ஆயினும் வாய் குறுகியவன், ஒளியைச் சொட்டுச் சொட்டாய்ப் பருகுவதால், அந்தி மங்கலில் ஓடும் வீரனைப் புகையாக்கி விடுவோன். மற்றவன் குட்டையன், அகன்ற வாயன். அந்தியின் கடைசி மிச்சத்தையும் மடமடவெனக் குடித்து, பாயும் காலைப் பாய்ந்தபடியே நிறுத்துவோன். ஆயினும் எட்டாக் கையன், அவனிடம் முகம் சுண்டைக்காய் அளவே தேறும். குழலோனை மாட்டி உள்முற்றமாகிய வளவின் தூணைக் குறிவைத்தான் மலையாண்டி. கழற்றிக் குட்டையனை மாட்டி ஓட்டின்மேல் காக்கையைக் குறிவைத்தான். இரு களிறுகள் துதிக்கை பிணைத்து இழுக்க நடுவில் அகப்பட்ட கரும்பெனத் துவண்டான்.

"ஏப்பா, பொண்ணு பாக்க வாரவுக கூட இம்புட்டு நேரம் பாக்க மாட்டாக!"

"இருங்க ஆச்சி, வெளிச்சம் இன்னுங் கொஞ்சம் கொறையட்டும். மங்கல்ல பாத்தாத்தேன் எது தேறும்னு தெரியும்."

குறைந்தது வெளிச்சம். காக்கை பறந்தது, தூண் கறுத்தது, ஓடு மறைந்தது. அப்போது மலையாண்டியின் நெஞ்சில் ஞானச்சுடர் மூள, குட்டையனை வாளென உயர்த்தி, "இவந்தேன் ஆச்சி!" என்று ஆர்த்தான். அக்கணமே வளவில் வேறொரு சுடரும் மூண்டது.

"அடடா, வெளக்கு வச்சுட்டேனேப்பா! இனி இந்த வீட்டுப் பொருள் வாசப்படி தாண்டாது. உப்புக் கேட்டாலும் இல்லைதேன். காலையில வா."

தேர்ந்த படைக்கலத்தைத் தானே பெட்டியில் கிடத்தி, வெறுங்கையனாய்ப் புளியமரம் சேர்ந்தான் வேந்தன். முத்துவீரன் மூவரைச் சாய்த்த அந்த மாவெற்றியைப் பழைய லென்ஸாலேயே பிடித்தான். மறுநாள் காலை ஈரம் காயாத படத்தின்மேல் குனிந்த முத்துவீரன், இங்குட்டும் அங்குட்டும் நெடுநேரம் விரலை ஓட்டிவிட்டுக் கேட்டான்: "இதுல நான் எது மச்சான்?"

அன்று மத்தியானம் மலையாண்டி பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சாப்பிட்டான்.