அலாஸ்காவுக்குத் துடக்கில்லை

"பெரியப்பா இண்டைக்கும் கஞ்சியைத் துப்பிப் போட்டாராம்" என்றார் தம்பிராசா, தொலைபேசியை மேசையில் வைத்தபடி. "கப்பலுக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு."

"உங்களுக்குக் கஞ்சியைப் பற்றிக் கவலையோ, கப்பலைப் பற்றிக் கவலையோ?" என்று கேட்டார் மனைவி பராசக்தி.

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் கூட்டுறவுச் சங்கக் கடையை முப்பது வருடம் நடத்தி ஓய்வு பெற்றவர் தம்பிராசா. எந்தக் கேள்விக்கு வாய் திறக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

கவலை கப்பலைப் பற்றித்தான். ஆனால் அதற்காக அவரை மனச்சாட்சி இல்லாத மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். மகன் மயூரதன் வன்கூவரில், மகள் கீர்த்திகா நோர்வேயில். இரண்டு பேரும் கதைத்து ஒன்பது வருடமாகிறது. மயூரதனின் கலியாணத்தில் மணப்பெண்ணுக்குத் தங்கச்சிதான் தோழியாக நிற்க வேண்டும். கீர்த்திகாவின் விமானம் பிந்தியது, நல்ல நேரம் பிந்தவில்லை. பெண் வீட்டார் யாரோ ஒரு மச்சாளைத் தோழியாக நிறுத்தித் தாலியைக் கட்டி முடித்துவிட்டார்கள். கீர்த்திகா பட்டுச்சேலை மடிப்புக் குலையாமல் வந்து இறங்கி, அப்படியே திரும்பிப் போனாள்.

இந்த வருடம்தான் கொஞ்சம் இளகியிருந்தது. ஆனியில் வன்கூவரிலிருந்து கப்பலில் ஒரு கிழமை அலாஸ்கா, பிறகு ரயிலில் உள்ளே போய்க் காட்டுக்குள் மரவீட்டில் ஒரு கிழமை, மனைவி இல்லாமல் நாங்கள் நாலு பேர் மட்டும் என்று மயூரதன் திட்டம் போட்டான். "அம்மாவும் அப்பாவும் வந்தால் நானும் வாறன்" என்றாள் கீர்த்திகா. அவர்கள் வராவிட்டால் அவளும் வரமாட்டாள் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அதிசயமாக இரண்டு நாட்டு விசாவும் கிடைத்துவிட்டது.

"நாளைக்கு நாங்கள் செத்தால் ரெண்டும் செத்தவீட்டிலையும் ஆளையாள் பாராமல் நிக்குங்கள்" என்பார் தம்பிராசா. அந்தக் காட்சி அடிக்கடி அவர் கண்ணில் வந்து போகும்.

குறுக்கே படுத்திருந்தவர் புத்தூர்ப் பெரியப்பா கதிரவேலர். வயது தொண்ணூற்றொன்று, பிள்ளை குட்டி இல்லை. கொள்ளி வைக்கும் உரிமையும் கடமையும் தம்பிராசாவுக்கு. கொள்ளி வைத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை கோயில் வாசலே மிதிக்கக் கூடாது என்றால், உல்லாசக் கப்பல் எங்கே மிதிப்பது?

"அந்த மனிசன் ஆடி வரைக்கும் தாக்குப் பிடிச்சால் காணும்" என்றார் தம்பிராசா.

"அதை அவரிட்டைச் சொல்லிப் பாருங்கோவன்" என்றார் பராசக்தி.

அவர் பெரியப்பாவிடம் சொல்லவில்லை. பக்கத்துத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார். அங்கே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த யதுசன், தம்பிராசாவின் ஒன்றுவிட்ட அண்ணனின் மகன். குடும்பத்தில் மிஞ்சியிருந்த அடுத்த ஆண்பிள்ளை.

"நான் இல்லாத நேரம் அப்பிடி ஏதும் நடந்தால் நீ கொள்ளி வைப்பியோ தம்பி?"

"அதுக்கென்ன சித்தப்பா, வடிவாச் செய்வன்" என்றான் யதுசன். "ஆனால் வாற மாசம் நான் ஜேர்மனிக்குப் படிக்கப் போறன். அதுக்கு முதல் நடந்தால்தான் வசதி."

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பொறுப்புள்ள பிள்ளை. தன் பொறுப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தான். 'கதிரவேலர் தாத்தாவின் இறுதிக் கிரியைகளுக்கு நான் ஆயத்தம்' என்று எழுதி, கும்பிடும் கைகள் இரண்டு போட்டான்.

அன்று மாலையே லண்டன் அழைத்தது. அடுத்து பாரிஸ், சூரிச், ஸ்காபரோ, மெல்பேர்ன். ஒவ்வொருவரும் பெரியப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒருக்கால் காட்டச் சொல்லி அழுதார்கள். அதுவரை நாக்குக் கைத்ததால் கஞ்சியைத் துப்பிய கிழவர், தான் சாகப்போகும் செய்தியை அன்றுதான் அறிந்தார். அடுத்த நாள் தண்ணீரையும் துப்பினார்.

தம்பிராசா பதறிப்போய் மகனை அழைத்தார். "தம்பி, கப்பலைக் கொஞ்சம் முன்னுக்கு எடுக்கேலாதோ?"

எடுக்கலாம். மயூரதன் ஒரே இரவில் ஆனியை வைகாசி ஆக்கினான். கீர்த்திகாவைக் கேட்க மறந்துவிட்டான்.

"இப்பவும் என்னைக் கேக்காமல் நாள் வைச்சிட்டாரோ?" என்று நோர்வேயிலிருந்து குரல் வந்தது. "எனக்கு அப்ப லீவு இல்லை. நீங்கள் மூண்டு பேரும் போங்கோ அப்பா. தோழிக்கு அந்த மச்சாளைக் கூட்டிக்கொண்டு போகட்டும்."

மீண்டும் ஆனிக்கு மாற்றிக் கீர்த்திகாவைச் சமாதானம் செய்வதற்குள் தம்பிராசாவின் இரத்தத்தில் சீனி ஏறிவிட்டது. பெரியப்பாவின் நாடி இறங்கிவிட்டது.

கடைசியில் கோயில் குருக்களிடம் போனார்.

"ஐயா, துடக்கு எப்ப தொடங்குது? ஆள் செத்த நேரத்திலை இருந்தோ, நாங்கள் கேள்விப்பட்ட நேரத்திலை இருந்தோ?"

"தூரதேசத்திலை இருக்கிறவைக்குக் கேள்விப்பட்ட நேரம் தொடக்கம்" என்றார் குருக்கள்.

"அப்ப கேள்விப்படாட்டி?"

குருக்கள் விபூதித் தட்டைக் கீழே வைத்து யோசித்தார். "கேள்விப்படாட்டித் துடக்கில்லைத்தான். ஆனால் தம்பிராசா..."

தம்பிராசாவின் சைக்கிள் அதற்குள் தேரடி தாண்டிவிட்டது.

"பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டிடுமோ?" என்று கேட்டார் பராசக்தி.

"பூலோகத்தைப் பற்றி ஆர் கதைச்சது? எனக்கு ஒரு மாசம் இருண்டால் காணும்" என்றார் தம்பிராசா.

அன்றே புத்தூருக்குப் போனார். அங்கே பெரியப்பாவைப் பார்ப்பது தம்பிராசாவின் அக்கா புவனேஸ்வரி. கலியாணம் செய்யாதவர். பராசக்தி வன்னியில் படிப்பித்த காலத்தில் கீர்த்திகாவைக் குழந்தையிலிருந்து வளர்த்ததும் அவர்தான். கட்டிலில் கிழவரைத் தூக்கிப் புரட்ட இரண்டு பேர் வேண்டும் என்பதால், குருநகரிலிருந்து அருமைநாயகி என்ற பெண் தினமும் பஸ்ஸில் வந்து போவாள்.

"இஞ்சை பாருங்கோ அக்கா. நாங்கள் போய் வருமட்டும் சாவுச் செய்தி எண்டு ஒண்டும் என்ரை காதிலை விழக்கூடாது."

"எங்களிலை ஆள் செத்தால் மாதா கோயில் மணி அடிப்பினம், ஊருக்கே கேக்கும் ஐயா" என்றாள் அருமைநாயகி. "பக்கத்து வளவுக் கிழவி செத்தாலும் சொல்லக்கூடாதோ?"

"ஆர் செத்தாலும் சொல்லக்கூடாது. எனக்கும் சொல்லாதேங்கோ, மனிசிக்கும் சொல்லாதேங்கோ. பிள்ளையளுக்குச் சொன்னால் அவை என்னட்டைச் சொல்லக்கூடாது."

அக்கா சிரித்தார். அவர் முற்றத்தில் செத்தல் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார், அலாஸ்காவுக்குத் தூள் இடிக்க. "நீ போட்டு வா தம்பி. என்னத்தைச் செய்தாவது பிள்ளையளை ஒண்டாக்கிப் போட்டு வா. உனக்கு ஒருத்தரும் சொல்லமாட்டினம். அதுக்கு நான் பொறுப்பு."

அக்கா பொறுப்பெடுத்தால் எடுத்ததுதான். அடுத்த நாளே கோப்பாய் வாயை மூடிக்கொண்டது. தம்பிராசா கடைக்குப் போனால் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். சைவக் கடையில் "பெரியப்பா எப்பிடி இருக்கிறாராம்?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். தேநீர் ஆற்றியவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், "வடை சூடாக் கிடக்கு" என்றார்.

உயிரோடு இருக்கிறார் என்றும் யாரும் சொல்லவில்லை. அதைச் சொன்னால், சொல்லாத நாளில் விஷயம் விளங்கிவிடும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். புத்தூர்ப் பக்கம் போகவும் பயந்து தம்பிராசா நித்திரை இழந்தார். எங்கேயோ பறை கேட்டால் காதுக்குள் பஞ்சு வைத்தார். ஒருநாள் பஞ்சோடு பருத்தித்துறை வீதியைக் கடக்கப்போய், பஸ்காரர் ஹோர்ன் அடித்தது கேட்காமல் வாய்க்காலுக்குள் விழுந்தார்.

"நீங்கள் செத்தால் எனக்குச் சொல்லலாமோ?" என்று கேட்டார் பராசக்தி, காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே.

மிச்ச ஆயத்தம் எல்லாம் அந்த நொண்டலோடுதான் நடந்தது. இரண்டு குளிர்ச் சட்டை, குரங்குத் தொப்பி, மிளகாய்த்தூள், பனங்கட்டி. அதற்கிடையில் யதுசனும் ஜேர்மனிக்குப் பறந்துவிட்டான். மயூரதன் அனுப்பிய குறிப்புகளில், காட்டில் கரடி வந்தால் ஓடக்கூடாது, அமைதியாக அதனோடு கதைக்க வேண்டும் என்று இருந்தது.

"நாங்கள் என்ன பாசையிலை கதைக்கிறது?" என்று கேட்டார் தம்பிராசா.

"உங்கடை கதையை எந்தப் பாசையிலை கேட்டாலும் அது போயிடும்" என்றார் பராசக்தி.

கப்பலில் ஏறிய அன்று தம்பிராசா தன் தொலைபேசியையும் பராசக்தியின் தொலைபேசியையும் மகனிடம் கொடுத்தார். "வாறதுகளை நீயே வாசி. சாவுச் செய்தி எண்டால் அழிச்சுவிடு. முகத்தாலையும் எனக்குக் காட்டாதை."

முதல் இரண்டு நாளும் அண்ணனும் தங்கையும் மேசையின் இரண்டு முனையில் இருந்து சாப்பிட்டார்கள். உப்பு வேண்டுமென்றாலும் பராசக்தி வழியாகத்தான் கேட்டார்கள். வெளியே பனி மலைமலையாகக் கடலுக்குள் இடிந்து விழுந்தது. தம்பிராசா அதைப் பார்க்கவில்லை. அவர் இந்த இரண்டு முகத்தையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை, மயூரதனின் சட்டைப்பைக்குள் இரண்டு தொலைபேசியும் மாறி மாறி அதிர்ந்தன. எடுத்துப் பார்த்தான். எழும்பி வெளியே மேல்தளத்துக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் கீர்த்திகாவை வரச் சொல்லிக் கைகாட்டினான். பிறகு பராசக்தியும் போனார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தம்பிராசா தனியே இருந்தார். அந்தப் பக்கம் கீர்த்திகா அண்ணனின் நெஞ்சில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவன் அவளுடைய தலையைத் தடவிக்கொண்டு நின்றான். ஒன்பது வருடத்துக்குப் பிறகு.

அவருக்கு எல்லாம் விளங்கியது. பெரியப்பா போய்விட்டார். போகிற போக்கில் இந்தப் பெரிய உபகாரத்தையும் செய்துவிட்டுப் போய்விட்டார். தம்பிராசாவின் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அதில் பாதி சந்தோஷம் என்பதை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

அன்று மதியம் நான்கு பேரும் ஒரே பக்கமாக நெருங்கி இருந்தார்கள். கீர்த்திகா ஒரு வாயும் வைக்கவில்லை.

"அழாதை பிள்ளை" என்றார் தம்பிராசா. "வயசுபோன சீவன். கிடந்து அழுந்தாமல் போறதும் ஒரு குடுப்பினைதான்."

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள்.

"நான் ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "சாப்பிடுங்கோ."

மிச்ச நாளெல்லாம் பராசக்தி கப்பல் அறைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவருக்குக் கடல் ஒத்துவரவில்லை என்று தம்பிராசா நினைத்தார். காட்டு மரவீட்டுக்குப் போனபிறகு, துடக்கு இல்லாவிட்டாலும் மனத்திருப்திக்கு என்று, தம்பிராசா பெரியப்பாவுக்காக விடிய முன் எழும்பிப் பனி உருகி ஓடும் ஆற்றில் தலை முழுகினார். பற்கள் தந்தியடிக்கக் கரையேறியவரைப் பார்த்த காவல்காரர், கரடி என்று நினைத்து அமைதியாகக் கதைத்தார். அன்றிலிருந்து தும்மலும் தடிமனும். ஆனால் பக்கத்து அறையில் அண்ணனும் தங்கையும் விடியவிடியக் கதைப்பது கேட்டுக்கொண்டிருந்தது. இதற்காக எத்தனை ஆற்றிலும் முழுகலாம் என்று அவருக்குத் தோன்றியது.

விமான நிலையத்தில் கீர்த்திகா அவரைக் கட்டிப்பிடித்து, "என்னை மன்னியுங்கோ அப்பா" என்றாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

கோப்பாய் வீட்டு வாசலில் பெட்டிகளை இறக்கியதும் பராசக்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீங்கள் முதல் புத்தூருக்குப் போட்டு வாங்கோ. என்ரை வாயாலை என்னாலை ஏலாது."

தம்பிராசா ஓட்டோ பிடித்தார். வழி முழுக்க அழுவதற்கு ஆயத்தமானார். கேட்கும்போது திடுக்கிட வேண்டும், அதன் பிறகே அழ வேண்டும் என்று ஒழுங்கும் வைத்திருந்தார். படலையைத் திறந்தார்.

மாமரத்தின் கீழே, பிளாஸ்டிக் கதிரையில், கதிரவேலர் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

தம்பிராசா படலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. குளிர் ஆற்றில் முழுகிய முழுக்கெல்லாம் இந்த மனிசனுக்காகவா? பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். தன்னை விட்டுவிட்டுக் கப்பலுக்குப் போன கோபமாக இருக்கும் என்று தம்பிராசா நினைத்தார்.

குசினிக்குள்ளிருந்து அருமைநாயகி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன அருமைநாயகி இது? புரண்டு படுக்கவே ரெண்டு பேர் வேணும் இவருக்கு. இப்ப முத்தத்திலை இருக்கிறார். எப்பிடி எழும்பினவர்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"எழும்பாமல் என்ன செய்யிறது ஐயா, உங்கடை அக்காவுக்குக் கொள்ளி வைக்க வேறை ஆம்பிளை ஆர் இருந்தது?"