பனிமலையில் பந்தி

மூன்றாம் பக்கத்தில் கதையைக் காணோம்.

மீரா சாகிப் பத்திரிகையைத் திருப்பிப் பார்த்தார், உதறியும் பார்த்தார். அரிசி விலை இருந்தது. ரங்கூன் கப்பல் வரும் நாள் இருந்தது. தலைவலித் தைலத்துக்கு அரைப் பக்க விளம்பரம் இருந்தது. 'குளிர்காலக் குதிரைவீரன்' மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அந்தத் தொடர்கதையை மனைவி ஹமீதாவுக்கு வாசித்துக் காட்டுவது அவர் வழக்கம். ஹமீதா குர்ஆன் ஓதப் பழகியவள். தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது. காபூலுக்கு அப்பால் பனி கொட்டும் மலைகளில், சுல்தானின் முத்திரை மோதிரத்தைக் காப்பாற்றிக்கொண்டு வீரன் காலித் குதிரையில் பறக்கும் கதை அது. எழுதுகிறவர் பெயர் 'முசாபிர்', அதாவது பயணி, என்று மட்டும் போட்டிருக்கும்.

"அந்தப் பனியில கெடந்து எழும்பின ஆளுதான் இப்படி எழுத முடியும், புள்ள. எத்தனை தேசம் பார்த்த மனுசனோ!" என்று மீரா சாகிப் ஒவ்வொரு வாரமும் வியப்பார். ஹமீதா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு இப்போது இல்லை. ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு, பிள்ளை தங்கவில்லை. அன்றிலிருந்து ஹமீதா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பேச்சில்லை. கஞ்சியை நீட்டினால் தலையை மட்டும் ஆட்டுவாள். "உடம்பு தேறிடும் தம்பி. மனசு பசிக்கணுமே, அதுக்கு நான் என்ன மருந்து கொடுக்க?" என்று மருத்துவச்சியும் கையை விரித்துவிட்டாள்.

கதையாவது அவளை இந்தப் பக்கம் திருப்பும் என்று நம்பித்தான் மனிதர் துறைமுகத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருந்தார். காலித்தைக் கழுத்தளவு பனியில் புதைத்துவிட்டு அந்த முசாபிர் எங்கே போய்த் தொலைந்தார்? மீரா சாகிப்புக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த அந்த முதுகைப் பார்த்தார். பத்திரிகையை விரித்தார். அரிசி விலையைப் பார்த்துக்கொண்டே வாசிக்கத் தொடங்கினார்.

"கழுத்தளவு பனியில் கிடந்த காலித் மெல்லக் கண்ணைத் திறந்தான்."

ஹமீதாவின் தலை அசைந்தது.

"பக்கத்திலே ஒரு தென்னை மரம். அதை எட்டிப் பிடித்து எழுந்தான்."

ஹமீதா திரும்பியே விட்டாள். "தென்னை மரமா, மச்சான்?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

"ஆமா, புள்ள."

"பனியிலயா?"

"அது... நம்ம ஊரு யாவாரி ஒருத்தரு கொண்டு போய் நட்டது. காய்க்காது. சும்மா நிக்கும்."

"அப்படியா போட்டிருக்கு?"

"அச்சுல இருக்குலா! முசாபிரு என்ன பொய்யா எழுதப் போறாரு?"

ஹமீதா அவரையே வெகுநேரம் பார்த்தாள். அவர் அவசரமாகக் காலித்தை ஓர் ஆட்டுக்காரனின் குடிசைக்குள் தள்ளினார். ஆட்டுக்காரன் கஞ்சி கொடுத்தான். காலித் ஒரு வாய் குடித்தான். ஹமீதாவின் கை தலைமாட்டிலிருந்த கிண்ணத்தை எடுத்தது. அவளும் ஒரு வாய் குடித்தாள். காலித் இன்னொரு வாய் குடித்தான். ஹமீதாவும் குடித்தாள். அன்றைக்குக் காலித் கிண்ணத்தை வழித்து நக்காத குறைதான்.

வைத்தியம் பிடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்த மாவீரன் வாளை எடுத்த நேரத்தைவிடக் கரண்டி எடுத்த நேரம்தான் அதிகம். அடுத்த வாரம் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டான். அதற்கடுத்த வாரம் எதிரிப் படை கணவாயை மறித்து நின்றது; காலித் அசரவில்லை, உலை வைத்தான். சோறு கொதிக்கிற வாசனையில் படையே வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஹமீதா எழுந்து, பாயில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"மோதிரம் என்னாச்சு, மச்சான்?"

"பத்திரமா இருக்கு. மொதல்ல சோறு, அப்புறம் மோதிரம்."

தென்னை மரம் மட்டும் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் கப்பல்களுக்கு மளிகை ஏற்றிவிடும் கடையில் கணக்கெழுதும் கிராணி. ஒரு நாள் சரக்கோடு கப்பலேறியபோது, குளிர் தேசம் போய்வந்த சமையல்காரன் ஒருவனைப் பிடித்துப் பனி எப்படியிருக்கும் என்று கேட்டார். "மூக்கைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். விட்டா கையோட வந்துடும்" என்றான் அவன், சிரிக்காமல்.

அந்த வெள்ளிக்கிழமை மலை முழுக்க மூக்குத் தேய்க்கும் சத்தம்தான்.

"குதிரைக்கு யாரு தேய்ப்பா, மச்சான்?"

"காலித்துதான்."

"அப்ப அவன் மூக்கை?"

மீரா சாகிப் பத்திரிகையை மேலும் கீழும் பார்த்தார். "அது அடுத்த வாரம் வரும்போல, புள்ள."

ஹமீதா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. இருமுகிறாள் என்று நினைத்து அவர் வெந்நீர் கொண்டுவர ஓடினார்.

வம்பு பலகைச் சுவர் வழியாக வந்தது. அடுத்த வீட்டு ஷரீஃபா அந்தச் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மறு வாரம் தெருப் பெண்களையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்தாள். பலகாரம் விற்க வரும் காமாரியாவும் கூடையை இறக்கிவைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். கூட்டத்தைக் கண்டதும் மீரா சாகிப்புக்கும் உற்சாகம் பிறந்தது. பனிமலையில் இரண்டு ஆடு அறுத்துப் பந்தி வைத்தார். ஹமீதா இரண்டாம் முறை சோறு கேட்டாள்.

மறு வாரம், அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ஷரீஃபா வேறு முகத்தோடு வந்தாள். "நானா, எங்க வீட்டு ஆளும் அந்தப் பேப்பரு வாங்கிட்டு வந்தாரு. அதுல கதையே இல்லையே?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஹமீதாவும் பார்த்தாள்.

"இது... தனிப் பதிப்பு. பழைய சந்தாக்காரங்களுக்கு மட்டும் அனுப்புறது."

சொல்லாமலே இருந்திருக்கலாம். மறுநாள் காலையிலேயே தெருவில் பாதிப் பேர் பத்திரிகை அலுவலகத்தின் முன்னால் போய் நின்றார்கள். நாங்கள் மட்டும் பழைய ஆட்கள் இல்லையா, எங்களுக்கு ஏன் தனிப் பதிப்பு இல்லை, என்று சண்டை. ஆசிரியர் சிக்கந்தருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. பனிமலையில் ஆட்டுக்கறி விருந்து என்ன ஆயிற்று என்று ஒருவர் அதட்டினார். தென்னை மரம் காய்த்ததா என்று இன்னொருவர் கேட்டார். சிக்கந்தர் தலைவலித் தைலத்தைத் தேடினார்.

அந்த வெள்ளிக்கிழமை மீரா சாகிப் பத்திரிகையைப் பிரிக்கும் முன்பே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தெருப் பெண்கள் இன்னும் வந்திருக்கவில்லை. யாரோ வெளி ஆள் என்று ஹமீதா உள்ளறைத் திரைக்குள் போய்விட்டாள். முன்னமே வந்திருந்த காமாரியா மட்டும் திரையோரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். சிக்கந்தர் கையில் ஒரு கற்றைத் தாளோடு உள்ளே நுழைந்தார்.

"மீரா சாகிப்! நான் அச்சடிக்காத தனிப் பதிப்பை நீ எப்படி வாசிக்கிற?"

"நானா, மெதுவா... அவ உள்ள இருக்கா."

"இருக்கட்டும். பதில் சொல்லு!"

இனி ஒளிக்க இடமில்லை. மீரா சாகிப் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பொய்தான் நானா. கதை நின்னு போச்சு. புள்ளையும் போயிருச்சு. அவ சாப்பிடவும் மாட்டேன்னுட்டா, பேசவும் மாட்டேன்னுட்டா. காலித்து சாப்பிட்டா அவளும் சாப்பிடுறா. அதனாலதான் அவனைப் போட்டு அந்தத் தின்னு தின்னவச்சேன். முசாபிருகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிருங்க."

ஆசிரியரின் கோபம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. திரைக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லையே, அதுதான் பயமாக இருந்தது. இத்தனை வாரமும் புருஷன் தன்னை ஏமாற்றியிருக்கிறான் என்று தெரிந்தபின் அவள் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டால் என்ன செய்வது? அப்புறம் அவளைத் திருப்ப அவரிடம் வேறு கதையும் இல்லை.

சிக்கந்தர் கையிலிருந்த தாள்களைப் பிரித்தார். பிறகு தணிந்த குரலில், "நான் அதுக்கு வரல தம்பி" என்றார். "முசாபிரு இத்தனை வாரம் கழிச்சு இன்னைக்குக் காலையிலதான் அடுத்த அத்தியாயத்தை அனுப்பியிருக்காரு. இதைக் கேளு."

அவர் தாளைப் பார்த்து வாசித்தார். கழுத்தளவு பனியில் கிடந்த காலித் ஒரு தென்னை மரத்தைப் பிடித்து எழுந்தான். ஆட்டுக்காரன் கஞ்சி கொடுத்தான். எதிரிப் படை பந்தியில் உட்கார்ந்தது. காலித் குதிரைக்கு மூக்கைத் தேய்த்துவிட, ஆட்டுக்காரன் காலித்துக்குத் தேய்த்துவிட்டான்.

"அச்செழுத்துக் கோக்கிறவன் சிரிச்ச சிரிப்புல எழுத்துத் தட்டையே கவுத்துட்டான். இதெல்லாம் நீ சொன்னதுன்னு தெருவே சொல்லுது. அப்ப நீதானே முசாபிரு?"

"அல்லாவே, நான் இல்ல நானா! ஆட்டுக்காரன் மூக்குத் தேய்க்கிறதை நான் சொல்லவே இல்ல!"

"நானும் யாரோ ஓதிக்கொடுக்கிற வயசான லெப்பைன்னுதான் இத்தனை நாள் நெனச்சிருந்தேன். எழுத்து பூரா அரபுத்தமிழு. தமிழை அரபு எழுத்துல எழுதி வரும். நாங்கதான் மாத்தி அடிக்கிறோம்."

"அப்ப அந்த மனுசரு இங்கதான் எங்கேயோ ஒளிஞ்சிருந்து கேக்குறாரு!" மீரா சாகிப் பதறிப்போய்ப் பலகைச் சுவரின் இடுக்கில் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. வாயைப் பொத்தியும் அடங்காமல் கொட்டுகிற சிரிப்பு, ஹமீதாவின் பழைய சிரிப்பு. மீரா சாகிப் கட்டிலடியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணீர் தாடியில் இறங்கியது. அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. சிரிக்கிறாளே, அதுவே போதுமாக இருந்தது.

அப்போதுதான் சிக்கந்தர் திரையோரம் இருந்தவளைக் கவனித்தார். "இந்தா, இவதான்! தாளைக் கொண்டாந்து கொடுக்கிறது இவதான். எத்தனை தரம் கேட்டும் ஆளு யாருன்னு சொல்ல மாட்டா. காமாரியா, இன்னைக்குச் சொல்லித்தான் ஆகணும்!"

காமாரியா திரையை ஒரு தரம் பார்த்தாள், கட்டிலடியில் இருந்தவரை ஒரு தரம் பார்த்தாள்.

"பேரைச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்லா, ஆனா மீரா சாகிப் தம்பி, முசாபிருக்கு ரொம்பப் பசிக்குதாம், இன்னைக்குக் காலித்து என்ன சாப்பிடுறான்னு திரைக்குள்ளேருந்து கேக்குறாங்க."